பதினைந்தாவது நொடி

வாதமடக்கி என்று பெயர்.
பெயரே சாட்சிக் கையெழுத்துப் போட்டு வருகிற செடி;
அந்தக் கையெழுத்தை நம்பாதே என்பதுதான் என் படிப்பு.
பேச்சிப்பாறைக் கால்வாய்க் கரையில் பறித்து
நிழலில் உலர்த்தி இடித்து
சாராயத்தில் மூன்று நாள் ஏற்றி இறக்கி
மிஞ்சியது பதினொரு கிராம்,
காய்ச்சித் தீய்ந்த கருப்பட்டிப் பாகு மாதிரி.

குலசேகரத்தில் அன்றும் மழை.
ரப்பர் மரங்களுக்கெல்லாம் பிளாஸ்டிக் பாவாடை.
எலிக்கூடத்தில் உமி வாசனை, சுண்டெலிகள் முப்பது,
அடையாளத்துக்கு மஞ்சள் கோடுகள்.
உப்புநீர் குடித்தவை ஆறு, கடை மருந்து பெற்றவை ஆறு,
பிறகு என் பாகு:
நூறு, இருநூறு, நானூறு.

தட்டின் சூடு ஐம்பத்தைந்து.
பாதத்தை நக்கினாலோ துள்ளினாலோ கடிகாரத்தை நிறுத்து.
உப்புநீர்க்காரன் நாலாவது நொடியில் நக்கிவிட்டான்.
நானூறு பதிமூன்று வரை நின்றது,
பஸ் ஸ்டாப்பில் மழை பார்க்கிற ஆள் போல.
பதினைந்து ஆனால் எதுவானாலும் எடுத்துவிட வேண்டும்.
அதற்கு மேல் தோல் வெந்துபோகும்.
நெறிமுறைக் குழுவின் தாளில்
அந்த ஒரு வரிக்கு மட்டும் அடிக்கோடு.

"வலி கேக்குது, எழுது" என்றார் டென்னிசன் சார்.

எழுதவில்லை.
அடுத்த கிழமை சுழலும் தடியில் ஏற்றினேன்.
நானூறு குடித்தவை இருபது நொடி தாங்காமல்
பொத்துப் பொத்தென்று விழுந்தன.
அப்படியானால் தட்டில் நடந்தது என்ன?
வலி போயிற்றா,
காலைத் தூக்கிச் சொல்லும் தெம்பு போயிற்றா?

கூடு கழுவ வருகிற ரோஸ்லெட் அக்கா
கருங்கல் பக்கம் அண்டி ஆபீஸில்
பத்தொன்பது வருடம் முந்திரி உடைத்தவள்.
தோட்டுப் பால் தின்றதில் விரலில் ரேகை கிடையாது.
ரேஷன் கடை மிஷின் மூன்று தடவை
நீ யார் என்று கேட்கும்.

ஸ்விட்ச் அணைத்தேனா என்று நான் திரும்புவதற்குள்
ஈரத் துணியோடு தட்டில் கை வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தாள்.
ஆவி எழும்பியது.
அக்கா அக்கா என்று கத்தினேன்.
நிதானமாக நிமிர்ந்து என்னிடம் கேட்டாள்,
"சூடா இருக்கா பிள்ளே?"

என் கட்டைவிரல் தன்பாட்டில்
ஸ்டாப்வாட்ச்சை அமுக்கியிருந்தது. பதினெட்டு.

கடைசியாக உறக்கப் பரிசோதனை.
ஊசி போட்டு மல்லாக்கக் கிடத்த வேண்டும்,
தானாகப் புரண்டு நாலு காலில் நின்றால்
உறக்கம் முடிந்ததென்று கணக்கு.
உப்புநீருக்கு நாற்பது நிமிடம்.
நானூறு எழும்பவே இல்லை.
ஐந்து நாற்பது மார்த்தாண்டம் பஸ்ஸை விட்டுவிட்டு
ரோஸ்லெட் அக்காவும் வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்தாள்.
வெள்ளை வயிறு ஏறி இறங்குவதையே பார்த்திருந்தவள்
"எனக்கும் கொஞ்சம் தருவியா?" என்றாள்.
"எதுக்கு, நோவுக்கா?"
"நோவு பழகியாச்சு.
ஒறக்கத்துக்கு."

பதில் சொல்ல என் அட்டவணையில் கட்டம் இல்லை.

தொண்ணூற்றேழாவது நிமிடம்
மூன்று கோடு போட்டது புரண்டது.
எழுந்தது, தள்ளாடியது,
கூட்டுக்குள் விடத் தூக்கிய அவள் விரலை மோந்தது.
கடித்தது.
சொட்டு உமியில் விழுந்தபோதுதான்
குனிந்து பார்த்து
அவளுக்கு அது தெரிந்தது.