சீட்டு நாற்பத்தேழு

பெரியாஸ்பத்திரி. வியாழக்கிழமை. மாடிப்படி ஓரத்து பெஞ்சு.
மகனின் நோட்டுப் புத்தகத்தை
நெஞ்சோடு அழுத்திப் பிடித்திருக்கும் ஐயா,
உங்கள் பையன் வெளியே வேப்பமரத்தடியில்
யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டிருக்கிறான்.
நீங்கள் தலை குனிந்திருக்கிறீர்கள்.
இந்தத் தரையை எனக்கும் தெரியும்,
ஆறு வருஷம் முன்பே எண்ணி முடித்த கற்கள்.

என் கொழுந்தன் சித்தேஸ்வரன்.
கஞ்சமலையில் வேண்டிப் பெற்ற பிள்ளை.
டிப்ளமோ முடித்து ஸ்டீல் பிளான்ட்டில் அப்ரண்டிஸ்.
ஓர் ஆடி மாதம்
எதிர்வீட்டு குக்கர் விசில்
தன் பெயரைச் சொல்வதாகச் சொன்னான்.
மூன்றாவது விசிலில் தீர்ப்பு வரும் என்றான்.
சிரித்தோம் ஐயா.
அதுதான் நாங்கள் பார்த்த முதல் வைத்தியம்.

பிறகு உப்பும் மிளகும் கொண்டுபோய்க் கொட்டினோம்.
பிறகு கயிறு.
பிறகு, கல்யாணம் ஆனால் தெளிந்துவிடுவான் என்று
ஆத்தூரில் ஒரு பெண்.
நல்லவேளை, அவள் வீட்டில் விசாரித்தார்கள்.

டாக்டர் எழுதிய மாத்திரையை நாக்கடியில் ஒதுக்கி
கொல்லைச் செம்பருத்தி வேரில் துப்பினான்.
செடி நன்றாகத்தான் இருந்தது.

நான் என்ன செய்தேன் தெரியுமா?
பொடித்து ரசத்தில் கலந்தேன்.
பதினோரு நாள்.
தூங்கினான், குளித்தான்,
ஒரு தடவை கிரிக்கெட் ஸ்கோர்கூடக் கேட்டான்.
சோற்றில் என்னமோ வைக்கிறாங்க என்று
அவன் சொன்னபோதெல்லாம்
யாரும் எதுவும் கலக்கலை என்று
சாமி படத்தில் அடித்துச் சத்தியம் செய்தேன்,
கலந்த அதே கையால்.

பன்னிரண்டாம் நாள்
இடிகல்லின் குழியில் வெள்ளைப் பொடியைப் பார்த்துவிட்டான்.
கத்தவில்லை.
"அப்ப அது சொன்னது நெசந்தான், அண்ணி."
அவ்வளவுதான்.

நாலு மாதம் எங்கள் வீட்டுச் சோறு அவனுக்கு இறங்கவில்லை.
குகையில் ஒரு தள்ளுவண்டித் தட்டுவடை செட்,
பஸ் ஸ்டாண்டில் டீ.
ஒருநாள் நடுராத்திரி ஜங்ஷன் தண்டவாளத்தில்...
அதை விடுங்கள்.

வார்டில் ஜெபக்கனி என்று ஒரு சிஸ்டர்.
"குரல் பொய்னு வாதாடாதீங்க.
நெசம்னு தலையாட்டவும் வேண்டாம்.
பயமா இருக்கான்னு மட்டும் கேளுங்க."
சொல்ல அரை நிமிஷம்.
என் வாய்க்குப் பழக ஒன்றரை வருஷம்.

அதற்கு முன் நான் வேறொன்று சொல்ல வேண்டியிருந்தது.
கலந்தது நான்தான் சித்தேசு. தப்பு.
அவன் வெகுநேரம் ஜன்னல் வழியே
சேர்வராயன் மலையைப் பார்த்தான்.
இருட்டில் ஏற்காட்டுப் பாதையில் ஒரு விளக்கு
வளைவில் மறைந்தது, தெரிந்தது, மறைந்தது.
"அது வண்டி. எனக்குத் தெரியுது" என்றான்.
மன்னித்தானா என்று கேட்காதீர்கள்.

இப்போது குணமா என்றால், இல்லை.
மாத்திரையை அவனே உரிக்கிறான்.
நான் வேறு பக்கம் பார்க்கிறேன்,
மலை ஏறுவதைவிட மூச்சு வாங்கும் வேலை அது.
சில நாள் விட்டுவிடுகிறான்.
சில நாள் நான் கத்துகிறேன்,
என் வீட்டுக்காரர் செருப்பைத் தேடிக்கொண்டு தெருவுக்குப் போவார்.
எதிர்வீட்டு ருக்மணி, யாரும் கேட்காமலே,
வடிசோற்றுக்கு மாறிவிட்டாள்.
செவ்வாய்ப்பேட்டைப் பட்டறையில் அரைநாள் வேலை,
கொலுசுக்கு முத்து எண்ணுவது.
எண்ணிக்கைக்குள் குரல் வந்து புகும்.
கொட்டிவிட்டு, முதலிலிருந்து எண்ணுவான்.

போன மாதம் சம்பளத்தன்று
தட்டுவடை செட் வாங்கி வந்தான்.
பீட்ரூட் துருவல், இரண்டு சட்னி.
ஒன்றை எடுத்துக் கடித்து, மென்று, விழுங்கி,
கொஞ்ச நேரம் காத்திருந்து
மீதியை என் பக்கம் நகர்த்தினான்.
"சாப்பிடுங்க அண்ணி. ஒண்ணும் கலக்கலை."
கேலியா, கருணையா, இன்னும் புரியவில்லை.
சாப்பிட்டேன்.

நாற்பத்தேழு கூப்பிடுகிறார்கள்.
நீங்கள் நாற்பத்தெட்டுதானே?
போய்ப் பையனைக் கூட்டி வாருங்கள்.
கையைப் பிடித்து இழுக்க வேண்டாம்.
அவன் பேசி முடிக்கிற வரைக்கும்
பக்கத்தில் சும்மா நில்லுங்கள்.