ஒரு இழுப்பு

கடலட்டை பிடிக்க இறங்குகிறவனுக்கு
இடுப்பில் ஒரு கயிறு.
ஒரு இழுப்பு என்றால், இருக்கிறேன்.
இரண்டு என்றால், கூடை நிறைந்தது, ஏற்று.
மூன்று என்றால் என்னைத் தூக்கு.
மூன்றை நான் இழுத்ததேயில்லை.

ஆழம் என்னை ஒன்றும் செய்யவில்லை,
கெதியாய் மேலே வந்ததுதான் பிழை.
படகில் ஏறி ஒரு பீடி பற்றவைத்தேன்.
பாதிப் பீடியில்
இடுப்புக்குக் கீழே எதுவும் என்னுடையதில்லை.

பெரியாஸ்பத்திரியில் முதல் கிழமை
கட்டிலைச் சுற்றி நிற்க இடமில்லை,
அவ்வளவு சனம், அவ்வளவு தோடம்பழம்.
பிறகு தோடம்பழம் குறைந்தது.
திருக்கடலூருக்கு வந்த பிறகு
வாசலில் நின்றபடியே கேட்டார்கள்,
"எப்பிடி இருக்கிறாய்?"
அவர்களுக்கும் வலை இழுக்க நேரமாகிறதுதானே.
நான் குறை சொல்லவில்லை.
கொஞ்சம் சொன்னேன், சுவருக்கு.

மெற்றில்டா குவைத்தில். வெள்ளிக்கிழமை பேசுவாள்.
மச்சாள் மதியச் சோற்றை மூடி வைத்துவிட்டுப் போவாள்.
வீட்டிலிருந்து கடல் எழுபது அடி.
மணலில் சக்கரம் புதையும்.
இரண்டு வருடமாய் அது எழுபது அடியாகவே இருக்கிறது.

கிளினிக்கில் துண்டு எடுத்துக் காத்திருந்த ஒரு புதன்கிழமை
கிண்ணியா ரிபாயா, கண் தெரியாதவள், கேட்டாள்:
"ஆரோ கடல் மணக்கிறீங்களே, ஆரது?"
இரண்டு வருடம் கடலைத் தொடாதவன்
கையை உயர்த்தினேன்.
உயர்த்திய கை அவளுக்குத் தெரியாதென்று
பிறகுதான் உறைத்தது.
வரிசையே சிரித்தது, எல்லோருக்கும் முதல் அவள்.

அன்றைக்கு இலக்கங்கள் எழுதிக்கொண்டோம்.
இரவு ஒன்பதுக்குக் கந்தளாய் கருணாதிலக
சம்பூர் லோஜினிக்கு ஒரு மிஸ் கோல்.
லோஜினி ரிபாயாவுக்கு, ரிபாயா எனக்கு,
நான் குச்சவெளி ஹில்மிக்கு.
எடுக்கக்கூடாது, காசு போகும்.
ஒரு அடிப்பு என்றால், இருக்கிறேன்.

மார்கழி மழையில் ஒரு நாள் நான் அடிக்கவில்லை.
போன் கையில்தான் இருந்தது.
சார்ஜும் இருந்தது.

ஒன்பதே முக்காலுக்கு அது அடித்தது.
ஒன்றோடு நிற்கவில்லை.
எடுத்தேன்.
ஏன் என்று ரிபாயா கேட்கவில்லை.
"உங்கட பக்கம் மான் வந்திருக்கா?" என்றாள்.

பார்த்தேன். வந்துதான் இருந்தது.
தாழ்வாரத்தில், மழைக்கு ஒதுங்கி, ஒரு கொம்பன்,
கிராம சேவகர் தந்த கொடுப்பனவுப் படிவத்தை
மூன்றாம் பக்கத்திலிருந்து தின்றுகொண்டு.

"என்ர படிவத்தைத் தின்னுது."
"ஒப்பம் வெச்சாச்சா?"
"வைக்கேல்ல."
"அப்ப தின்னட்டும். போன ஜன்னல்ல வைங்க,
நான் கேக்கன்."

வைத்தேன்.
தகரத்தில் மழை. கீழே மானின் பல்.
கிண்ணியாவில் ஒருத்தி மூச்சு விடுவது.
அவளுடைய காசு போய்க்கொண்டிருந்தது.

மறுநாள் கருணாதிலக வந்தான்,
ஓட்டோவின் கூரையில் இரண்டு பலகை கட்டி.
"மச்சான், கடல் போறது," என்றான்,
அவனுடைய அரைத் தமிழில்.
ஒரு பலகையில் நான், மற்றதை முன்னே போடு,
உருட்டு, பின்னதை எடு, முன்னே போடு.
அவனுடைய பொய்க்கால் மணலில் புதைய
இரண்டு மொழியிலும் திட்டினான்.
இடையிடையே நின்றோம்.
ஏறும்போதும் இப்படித்தான் நின்று நின்று வரவேண்டுமாம்,
டொக்டர் பிறகுதான் சொன்னார்.

நாற்பது அடி போனோம்.
மழை பிடித்தது. திரும்பினோம்.
பலகைகள் இப்போது என் கட்டிலுக்கடியில்.

அன்றிரவு ஹில்மிக்கு இரண்டு தரம் அடித்தேன்.
பதறி எடுத்தான். "என்ன, என்ன நடந்த?"
"ஒண்டுமில்ல. கூடை நிறைஞ்சிட்டு."
"விசர் மனிசன்," என்றான், "காசு போகுது,"
ஆனாலும் உடனே வைக்கவில்லை.