பூஜ்யமாகும் வரை

கடைசி ரயில் உட்லண்ட்ஸைத் தாண்டிய பிறகுதான்
ஊசியை இறக்குவேன்.
தரை நடுங்குவது நமக்குத் தெரியாது,
அதற்குத் தெரியும்.
அரை டன் கருங்கல், அடியில் காற்றுத் தலையணைகள்,
மேலே பிளாட்டினம் பூசிய ஒரு முனை.
மயிரிழை ஒன்றின் குறுக்கே
இப்படி மூவாயிரம் முனைகள் வரிசையில் நிற்கலாம்.
ஊசிமுனைத் தவம் என்பார்கள்.
இங்கே தவம் ஊசியுடையது,
எனக்கு இரவுப்படி மட்டும்.

மேடைமேல் வாடிக்கையாளர் திருப்பி அனுப்பிய சில்லு.
குளிரில் ஒழுங்காக வேலை செய்கிறதாம்,
சூடேறினால் எல்லாம் மறந்துவிடுகிறதாம்.
எங்கோ கசிவு.
எண்ணூறு கோடிக் கதவுகளில்
எது சரியாகச் சாத்தவில்லை என்று
காலை எட்டரைக்குள் சொல்ல வேண்டும்.

வெளியே மழை பிடித்துக்கொண்டது.
இந்த ஊர்க் காற்று
எதன்மேலும் ஒரு தண்ணீர்த் தோலைப் போர்த்திவிடும்,
கண்ணாடிமேல், கைப்பிடிமேல், தங்கத்தின்மேல்கூட.
நைட்ரஜனைத் திறந்துவிட்டு
நாற்பது நிமிடம் காத்திருந்தேன்.
இந்த அங்கிக்குள் மூக்கைக்கூடச் சொறிய முடியாது.

இரண்டு உலோகங்கள் நெருங்கினால்
தொடாமலேயே இழுத்துக்கொள்கின்றன.
அந்த இழுப்பைக் கருவி நேராக அளப்பதில்லை.
ஊசிக்குக் கொஞ்சம் கொஞ்சமாக
மின்னழுத்தம் கொடுத்துப் பார்க்கிறது,
இன்னும் கொஞ்சம், இல்லை, அதிகம், குறை,
இழுப்பு அடங்கி
ஊசி சும்மா நிற்கும் வரை.
எவ்வளவு கொடுத்தபின் அடங்கியதோ
அதுதான் விடை.

ஒன்று நாற்பதுக்கு முதல் படம்.
மூன்றாவது வரிசையில் கறுப்பாக ஒரு புள்ளி.
வலப்புறம் சற்றுத் தள்ளி
அதேபோல் இன்னொன்று.
பெரிதாக்கினேன்.
தூசுக்கு இரட்டை, கீறலுக்கு இரட்டை,
ஒவ்வொரு விளிம்புக்கும் தோளுரசி ஒரு விளிம்பு.

போன வியாழன் கூட்டத்தில் ஜுன் காய் சொன்னது இதைத்தான்.
குறை சில்லில் இல்லை, திலகேஸ், உன் ஊசியில்.
எல்லார் முன்னாலும்.
அன்றிலிருந்து நாங்கள் பேசுவதில்லை.
ஷிஃப்ட் மாறும்போது
குறிப்பேடு மட்டும் கைமாறுகிறது.

ஊசியைக் கழற்றி
எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்தேன்.
பாம்பின் நாக்குபோல் நுனி பிளந்திருந்தது.
யாரும் இல்லாத அறையில்
முகம் சுட்டது.

புதிய ஊசி.
மறுபடி நைட்ரஜன், மறுபடி நாற்பது நிமிடம்,
மறுபடி வரிவரியாக உழவு.
நாலேகாலுக்குப் படம் முடிந்தது.
இரட்டைகள் போயிருந்தன.
புள்ளி இருந்தது.
ஒன்றே ஒன்று, முன்பைவிடச் சின்னதாக,
சுற்றியிருப்பதைவிட
கால் வோல்ட் தாழ்ந்து.
எழுத்தின் தலையில் புள்ளி விழுந்தால்
உயிர் போய் மெய் நிற்கும்.
இதற்கும் அந்த இலக்கணம்தானோ என்னவோ.

குறிப்பேட்டில் எழுதினேன்:
ஊசி பிளந்திருந்தது, நீ சொன்னபடியே.
புள்ளி இருக்கிறது, நான் சொன்னபடியே.

பேனாவை மூடினேன். திறந்தேன்.
இரண்டாவது வரியின் கடைசி இரண்டு சொற்களை அடித்தேன்.
அடித்தது தெரிந்தது.
தெரியட்டும்.

கல்லுக்கு அடியில் எங்கோ முதல் ரயில்.
திரையில் கோடு துள்ளி,
துள்ளி,
அடங்கியது.
ஊசியைத் தூக்க மறந்திருந்தேன்.