குதிரைக்கு எழுதிய அளவு

புத்தகத்தில் கழுதைக்குத் தனிப் பக்கம் இல்லை.
குதிரை என்ற தலைப்பின் கீழே
பொடி எழுத்தில் ஒரு வரி:
'கழுதைக்கும் ஏறக்குறைய இதுவே.'
அந்த ஏறக்குறையவுக்குள்தான்
பென்னாகரம் கால்நடை மருத்துவமனைப் புங்கமரத்தடியில்
மூன்று நாள் முழங்காலிட்டிருந்தேன்.

சாலையில்லாத மலையூருக்கு
ரேஷன் அரிசி சுமக்கிற மூன்று ஆண் கழுதைகள்.
ஒன்றையொன்று கடித்து
இரண்டு மூட்டையைப் பள்ளத்தில் உருட்டியதால்
காயடிக்க ஓட்டி வந்தார் பச்சியப்பன்.
"எலெக்சன் மிஷினும் இதுங்கதான் தூக்கணும்.
அதுக்குள்ள ஆறிடுமா மேடம்?"

எடை தெரியாமல் ஊசி இல்லை.
பாப்பாரப்பட்டி புளி மண்டியில் கெஞ்சி
எடைமேடையில் ஏற்றினோம்.
நூற்று இருபத்தெட்டு. நூற்றுப் பதினாறு.
மூன்றாவது இறங்க மறுத்தது.
"புளியோட சேத்து பில் போட்டுறவா?" என்றார் தரகர்.

முதல் நாள் தயோபென்டோன்.
மஞ்சள் தூள், கரைத்தால் பூண்டு வாடை,
மூன்றிலும் மலிவு.
கழுத்து நரம்பில் போன கணம்
கயிறு அறுந்த கட்டிலாய்ச் சரிந்தது.
என் வேலை சுத்தமாக முடிந்தது.
அதன் வேலைதான் முடியவில்லை:
எழுந்து விழுந்து, எழுந்து விழுந்து,
தாடையெல்லாம் மண்ணோடு
ஆறாம் முறை நின்றது,
குடித்துவிட்டு வந்தவன் சொந்த வாசலில் நிற்பதுபோல்.

இரண்டாம் நாள்
சைலசின் முன்னே, கெட்டமின் பின்னே.
கண் திறந்தபடியே தூங்கியது.
இருபது நிமிடம் என்றது புத்தகம்.
பதினோராம் நிமிடம், கட்டு போடும்போது
இடது காது திரும்பியது.
ஜபருல்லா காலை இறுக்கிப் பிடிக்க
இன்னொரு பாதி அளவு ஏற்றினேன்.
கழுதையின் உடம்பு கறாரான கணக்குப்பிள்ளை,
கொடுத்ததை உடனே தீர்த்துவிட்டு நிமிர்ந்து பார்க்கிறது.

மூன்றாம் நாள் புரோபோபோல்.
பால் மாதிரி வெள்ளை. என் சம்பளத்தில் வாங்கியது.
குட்டி படுப்பதுபோல் மெல்லப் படுத்தது.
பிறகு மூச்சு நின்றது.

பத்து.
இருபது.
விலாவில் கை வைத்து அழுத்தினேன்.
ஜபருல்லா எண்ணுவதை விட்டுவிட்டார்.
எதிர் டீக்கடையில் யாரோ சில்லறை எண்ணுவது கேட்டது.
பச்சியப்பன் ஒரு சத்தம் கொடுத்தார்,
மலையேற்றத்தில் கொடுக்கிற அதே சத்தம்.
முப்பத்தெட்டு.
மூக்கு விரிந்தது.

எழுந்தபோது ஒரே முறைதான் எழுந்தது.
எழுந்து, இரண்டடி நடந்து,
கீழே கிடந்த என் நோட்டின் ஓரத்தைத் தின்றது.

இரவு கட்டம் போட்டேன்.
விலை, விழுந்த நேரம், எழ எடுத்த முயற்சிகள்.
வலி என்றும் ஒரு கட்டம்.
அதில் என்ன எழுத?
குதிரை உதைத்துக் காட்டும், மாடு கத்திக் காட்டும்.
கழுதை சும்மா நிற்கும்.
அதைத்தான் பொறுமை என்று சொல்லிச் சொல்லி
மூட்டை ஏற்றியிருக்கிறோம்.

மறுநாள் பச்சியப்பன் நோட்டை எட்டிப் பார்த்தார்.
"நான் கூப்பிட்டப்ப எது எப்ப காதைத் தூக்குச்சுன்னு
எழுதலியே மேடம்.
மொதலுக்கு ரொம்ப நேரம் என்னைத் தெரியல.
மூணாவது மூச்சு விட்டதே
என் சத்தத்துக்குத்தான்."
நான் மறுக்கவில்லை. எழுதவும் இல்லை.

அறிக்கையில் முடிவாக ஒரு வரி:
கெட்டமின் கலவை, மறு ஊசி கையில் தயாராக இருக்கட்டும்.
முப்பத்தெட்டு என்று குறித்திருந்த மூலை
மலையேறிப் போய்விட்டது,
அதன் வயிற்றிலேயே.