மூன்று கல்லுக்கு அந்தப் பக்கம்

பத்தாம் நம்பர் லயத்துக்குப் பின்னால்
கானுக்கும் சுவருக்கும் நடுவில்
எனக்கு இரண்டு பாத்தி.
நீளம் பதினொரு அடி. அகலத்தைக் கேட்காதீர்கள்,
குந்தினால் முழங்கால் லீக்ஸில் இடிக்கும்.
மண் தோட்டத்துடையது.
எரு தவமலரின் ஆட்டுடையது.
சாம்பல் என் அடுப்புடையது.
தண்ணீர்க் குழாயைப் பற்றி
இப்போது பேச வேண்டாம்.

தராசில் இரண்டு கிலோவைக் குறைத்தெழுதிய நாட்களில்
நான் நேரே வீட்டுக்குள் போவதில்லை.
கூடையைச் சுவரில் சாய்த்துவிட்டு
கரட் வரிசையில் குந்திக்கொள்வேன்.
நெருங்கி முளைத்ததைப் பிடுங்க வேண்டும்.
எது இருக்கலாம், எது போகலாம்,
அங்கே கணக்கப்பிள்ளை நான்தான்.
ஆனாலும் கை வராது.
நூல்போல் வருகிற ஒவ்வொன்றையும்
எறியாமல் கழுவி
ரசத்தில் போட்டுவிடுவேன்.

ஸ்ட்ரோபெரி வந்தது
சின்ன மாமி மகள் ரெஜினாவின்
மேல்சட்டைப் பையில்.
பிளாஸ்டிக் கூடாரப் பண்ணையில் அவளுக்கு வேலை.
அங்கே பழம் மண்ணில் படக்கூடாதாம்,
கையுறை போட்டுத்தான் தொடலாமாம்.
வெட்டி ஒதுக்கிய கொடித்துண்டு ஒன்று
ஈரத்துணிக்குள் சுருண்டு
கந்தப்பளை பஸ்ஸில்
அவளோடு நின்றுகொண்டே வந்தது.

தை மாத விடியலொன்றில்
கால் வைத்த இடமெல்லாம் புல் வெள்ளையாய் நொறுங்கியது.
லீக்ஸ் அசையவில்லை.
போஞ்சி கறுத்துப் படுத்துவிட்டது.
ஸ்ட்ரோபெரி பிழைத்தது,
ராத்திரியே என் படங்கை அதற்குப் போர்த்தியிருந்தேன்.
உறைந்து விறைத்த அதை இடுப்பில் சுற்ற முடியாமல்
அன்று சும்மாவே மலைக்குப் போனேன்.
தேயிலைக் குச்சி பாவாடையை மூன்று இடத்தில் கிழித்தது.
ஒரு செடிக்காகவா என்று
கொழும்பிலிருந்து போனில் சிரித்தார் அவர்.
அவருக்கென்ன, சாப்பாட்டுக் கடையில்
வெட்டிக் கழுவிய கோவாவைத்தான் பார்க்கிறார்.

முதல் பழத்தை நத்தை தின்றது.
இரண்டாவது பழுக்கவே யோசித்தது,
ஒரு கன்னம் சிவப்பு, ஒரு கன்னம் பச்சை.
அதற்குள் மகன் பறித்துக் கடித்துவிட்டு
புளிக்குது என்றான்,
மிச்சத்தையும் தரவில்லை.

வைகாசி மழையில் கொடி கிளம்பியது.
எங்கள் பாத்திக்கும் மரியாயி பாத்திக்கும் நடுவில்
மூன்று கல்.
குழாய்ச் சண்டைக்குப் பிறகு எங்களுக்குள் பேச்சில்லை.
அவள் இருமினால்
நான் ரேடியோவைக் கூட்டுவேன்.
கொடியை இழுத்து இந்தப் பக்கம் போட்டேன்.
மறுபடி போனது.
இழுத்துக் கல்லை வைத்தேன்.
கல்லைச் சுற்றிக்கொண்டு போய்
அவள் கோவாவுக்குக் கீழே
வேர் விட்டுவிட்டது, அவள் மண்ணில்.

அவள் மண் என்று சொல்லிவிட்டேன்.
அவளிடமும் உறுதி இல்லை, என்னிடமும் இல்லை.
எங்கள் இருவருக்கும் இருப்பது
செக்ரோலில் ஆளுக்கொரு நம்பர்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை
கத்தியோடு அவள் வந்ததை
பின்கதவு இடுக்கில் பார்த்தேன்.
குனிந்தாள்.
கன்றுக்கு நிழல் போட்ட கோவா இலையை ஒடித்தாள்.
பிறகு, சரியாகக் கல்லின் மேல்
கொடியை ஒரே வெட்டு.

வேர் பிடித்த பிறகு வெட்டத்தான் வேண்டும்,
அப்போதுதான் தாயும் காய்க்கும் கன்றும் காய்க்கும்
என்று ரெஜினா சொல்லியிருந்தாள்.
அது மரியாயிக்குத் தெரிந்திருந்ததா,
இல்லை, வெறும் கோபமா,
இன்றுவரை எனக்குத் தெரியாது.
அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை.

மழை விட்ட ஓர் இரவு
போன் வெளிச்சத்தில் நத்தை தேடிக்கொண்டிருந்தேன்,
ஒரு கையில் உப்புத் தகரம்.
கல்லுக்கு அந்தப் பக்கமும்
ஒரு வெளிச்சம் குனிந்து குனிந்து நகர்ந்தது.
இரண்டு பேரும் பார்க்காததுபோல்
இலைகளைப் புரட்டினோம்.
கன நேரத்துக்குப் பிறகு,
கோவாவிடம் கேட்பதுபோல்,
"உப்பு இருக்கா?" என்றாள்.

தகரத்தை நடுக்கல்லில் வைத்தேன்.

குழாயைப் பற்றி
இன்னும் பேசவில்லை.