ஒரு விரல், இரண்டு சட்டம்

பார்லி வயலின் நடுவே ஐந்து மேடுகள்.
ஏழு இருந்தனவாம்.
போர்க்காலத்தில் கோதுமை கேட்டு அரசாங்கக் கடிதம் வந்தபோது
ஸ்லோப்பர் குடும்பம் இரண்டை உழுது தரையாக்கியது.
உழுதவர் பெயர் டீசல் ரசீதில் இருக்கிறது.
உள்ளே கிடந்தவரை
எந்த மொழியில் கூப்பிடுவது?

பதுக்கை என்று நாம் சொல்லலாம்.
இங்கே பாரோ என்கிறார்கள்.
எரு தள்ளும் கைவண்டிக்கும் அதே சொல்தான்.

டெல்லா ஸ்லோப்பர் டிராக்டரை
மேடு வரும்போதெல்லாம் வளைத்து ஓட்டுகிறாள்.
பக்தி இல்லை. அபராதம்.

மூன்றாவது மேட்டில் வளைக்கரடி குடியேறிவிட்டது.
இரவெல்லாம் தோண்டி
விடிவதற்குள் வாசலில் கொட்டி வைக்கிறது
சுண்ணக்கட்டி, உடைந்த தீக்கல், நனைந்த வைக்கோல்.
மார்ச்சில் ஒரு செவ்வாய்க்கிழமை
ஒரு விரலெலும்பு.

மேட்டைத் தொடாதே என்கிறது ஒரு சட்டம்.
வளைக்கரடியைத் தொடாதே என்கிறது இன்னொன்று.
வளைக்கரடிக்கு வாசிக்கத் தெரியாது.

தொல்லியல் அலுவலகத்திலிருந்து ஃபெர்கஸ் டியூ வந்தான்.
மழையில் மண்டியிட்டுப் படிவம் நிரப்பினான்.
"நாலாயிரம், கொஞ்சம் முன்பின்" என்றான்,
அடுத்த ஊருக்கு எத்தனை மைல் என்று சொல்வதுபோல.
பெண்ணாக இருக்கலாம், வளர்ந்த சிறுவனாகவும்.
கண்டெடுத்த தேதி?
"இன்று காலை" என்றாள் டெல்லா.

ஒன்பது நாள்
அது டிராக்டரில் இருந்தது, மிட்டாய் டப்பாவில்.
திருப்பங்களில் கிலுகிலுத்தது.
ஒருமுறை எஞ்சினை அணைத்துவிட்டு
தன் சுண்டுவிரலோடு வைத்துப் பார்த்தாள்.
ஒரு நகத்தளவு குட்டை.
அவனிடம் அதைச் சொல்லவில்லை.

ஜூலையில் மழை நின்றே போனது.
குன்றெல்லாம் வெளிறி,
சுண்ணத்தின் மேல் ஒரு சாண் மண்தான் என்பதைப்
பயிர் ஒத்துக்கொண்டது.
தானியக் கிடங்கின் ஏணியில் ஏறியவள்
பாதியில் நின்றாள்.
காய்ந்த பார்லிக்குள் இரண்டு பச்சை வளையங்கள்.
மேடு போனாலும்
அதைச் சுற்றி வெட்டிய அகழி போகவில்லை.
மான்கொம்பால் வெட்டிய பள்ளம்
இன்னும் தண்ணீர் வைத்திருக்கிறது.

அவை இரண்டும் எந்தப் பட்டியலிலும் இல்லை.
அபராதமும் இல்லை.

அறுவடையன்று முதல் வளையத்தின் மேல்
நேராகவே ஓட்டினாள்.
இரண்டாவது வந்தபோது ஸ்டியரிங் வளைந்தது.
கைப்பழக்கம்தான்.

லாரி கொண்டுவந்த பெர்ரட் கேட்டான்:
"அங்கே ஏன் விட்டுவிட்டாய்? என்ன இருக்கிறது?"
பச்சையாய்க் கொஞ்சம் பார்லி
காற்றில் நின்றது, வட்டமாக.

"கல்" என்றாள்.