ஒருநாள் சுற்றுலா, பூநகரி

காலை எட்டரைக்குக் கிளிநொச்சியில் வான்.
தண்ணீர்ப் போத்தல் ஆளுக்கு இரண்டு. தொப்பி கட்டாயம்.
ஜப்பானிலிருந்து வந்த ஏழு பேரும்
எட்டு இருபதுக்கே ஏறி
பெல்ற்றும் போட்டுக்கொண்டு இருந்தார்கள்.

நான் ஆங்கிலத்தில் சொல்வேன்.
கொழும்பிலிருந்து வரும் இஷங்கா
அதை அவர்களின் பாஷையில் சொல்வாள்.
என் ஒரு வரிக்கு அவளுக்கு நாலு வரி வரும்.
மிச்ச மூன்றில் என்ன இருக்கிறதென்று
நான் கேட்பதில்லை.

பரந்தன் கழிய ஒரே வெளி.
நெல்லு வெட்டின வயலில் மாடுகள்.
அதைப் படம் எடுக்க வேண்டும் என்றார்கள்.
குணாளன் வானை நிற்பாட்டிக் கொடுத்தான்.

கோட்டை வாசலில் மனப்பாடம் தொடங்கும்:
போர்த்துக்கேயர் கட்டினது,
ஒல்லாந்தர் பெருப்பித்தது,
வெள்ளைக்காரர் தங்குமடம் வைத்திருந்தது.
முருகைக்கல். சுண்ணாம்பு.
அந்த இடத்தில் முற்றுப்புள்ளி வை என்று
கொம்பனியில் சொல்லியிருக்கிறார்கள்.
வைத்தேன்.

பிறகு, வாய்ப்பழக்கத்தில்,
நான் கால் வைத்த இடத்தில் கால் வையுங்கோ என்றேன்.
தேவையில்லை, எப்பவோ துப்புரவாக்கின நிலம்.
ஆறு வருசம் முழங்காலில் நின்று
மண்ணை விரலளவு விரலளவாகக் கிண்டினவளுக்கு
வாய் அப்படித்தான் வரும்.
ஏழு பேரும் ஒரு கோட்டில் வந்தார்கள்
என் செருப்பின் அச்சை மிதித்து.

ஒகுமுராவுக்கு எண்பத்து மூன்று.
அவருடைய ஊரிலும் கோட்டை இருக்கிறதாம்.
போனில் காட்டினார்: வெள்ளைச் சுவர்,
அடுக்கடுக்காய்க் கூரை, அகழியில் வாத்து.
நல்ல பழசு என்றேன், மரியாதைக்கு.
கொங்கிறீற் என்றார்.
பழசு குண்டில் எரிந்தபோது அவருக்கு நாலு வயது.
திரும்பக் கட்டினதில் லிப்ற் வைத்தார்கள்.
முப்பத்தொரு வருசம்
அந்த லிப்ற்றைத் திருத்தினவர் இவர்தான்.

ஊரில் இப்ப சண்டை.
அசல் மாதிரி மரத்தால் கட்டு,
லிப்ற்றைக் கழற்று என்கிறது பாதி ஊர்.
மற்றப் பாதிக்கு முழங்கால் நோ.
இதைச் சொல்லும்போது இஷங்கா சிரித்தாள்.
அவர் சிரிக்கவில்லை.

சுவரில் துளைகள்.
ஒன்றுக்குள் விரலை விட்டுப் பார்த்தார்.
இயந்திரத்தோடு பழகின விரல், அவசரப்படாது.
இது எத்தனையாம் நூற்றாண்டு?
ஒல்லாந்தர் காலம் என்றிருக்கலாம்.
உப்புக் காற்று என்றிருக்கலாம், அதுவும் கல்லைத் தின்னும்.
"என்ர," என்றேன், தமிழில்.
இஷங்கா திரும்பிப் பார்த்தாள்.
அவளுக்குத் தமிழ் விளங்காதென்று
மூன்று மாதமாய் நினைத்திருந்தேன்.
அவருக்குச் சொன்னாள், ஒரே சொல்லில்.
அவர் விரலை எடுத்தார், துடைக்கவில்லை.

பன்னிரண்டரைக்குச் சாப்பாட்டுப் பார்சல்.
குணாளன் வானிலேயே இருந்து பிரித்தான்.
இவர் ஏன் உள்ளே வரவில்லை?
வலது கால் முழங்காலுக்குக் கீழே பிளாஸ்ரிக்.
வாசற்படி உடைந்து கிடக்கிறது.
நாற்பது தரமாவது கொண்டுவந்து இறக்கியிருப்பான்.
உள்ளுக்கு என்ன இருக்கு,
கல்லுத்தானே, என்பான்.

ஒகுமுரா இடுப்புப் பையைத் திறந்து
அளவு நாடாவை எடுத்தார்.
சுற்றுலா வருகிறவர் அதை ஏன் கொண்டுவந்தார்?
குந்தி இருந்து அளந்தார். எழுந்தார். இன்னொரு தரம் அளந்தார்.
அறுபத்திரண்டு சென்ரிமீற்றர்.
"லிப்ற் பூட்டப் போறாராமோ?" கோழிக்காலோடு குணாளன்,
"கரண்டுக்கு எங்க போறது?"

மூன்று மணி, சங்குப்பிட்டிப் பாலம்.
தூரத்தில் செங்கால் நாரைகள், அல்லது நுரை.
வெயிலில் யாருக்கும் நிச்சயமில்லை.

இறங்கும்போது கருத்துப் படிவம் வாங்கினேன்.
உணவு, வாகனம், வழிகாட்டி:
ஆறு பேர் எல்லாவற்றுக்கும் ஐந்து போட்டிருந்தார்கள்.
அவருடையதில் புள்ளி ஒன்றும் இல்லை.
பின்பக்கம் பென்சிலால் ஒரு சாய்வு.
நீளம் ஏழு மீற்றர் நாற்பத்துநாலு.
பலகை மூன்று.
தொல்லியல்காரர் ஓர் ஆணி அடிக்க விடமாட்டார்கள் என்று
யாரோ சொல்லியிருக்க வேண்டும்.
ஆணியைக் கீறி, அதன்மேல் குறுக்குக் கோடு இழுத்து,
சும்மா சாய்த்து வைக்கலாம் என்று
ஓர் அம்புக்குறி.

படிவத்தைக் கொம்பனியில் கொடுக்கவில்லை.
மர டிப்போவில் விலை கேட்டிருக்கிறேன்.